மேரி மட்டும் அணைத்துவிட்டுப் போனாள்

போன மாதம் ஒரு நாள் காலை, முன்பு என்னிடம் வேலை பார்த்த ஒருவர் போனில் கூப்பிட்டார். இப்போது பெங்களூரில் ஏதோ பெரிய கம்பெனியில் சர்வர்களைக் கட்டி மேய்க்கிறார். "மேடம், நம்ம சிதம்பரம் கேஸ் ஞாபகம் இருக்கா? அந்த செட்டிங்க லினக்ஸ்லேர்ந்தே தூக்கிட்டாங்க மேடம். தூக்கி வருஷக் கணக்குல ஆவுதாம், நான் இன்னிக்கிதான் பாத்தேன்" என்றார். லினக்ஸ் என்றால் எங்கள் சர்வரை ஓட்டும் அடிப்படை மென்பொருள். சந்தோஷப்படுவேன் என்று எதிர்பார்த்திருப்பார். எனக்கு வந்தது எரிச்சல்தான். "எங்கள அந்தப் பாடு படுத்திட்டு இப்ப தூக்கினா என்ன, தூக்காட்டி என்ன?" என்று கேட்டுவிட்டேன். அவர் சிரித்தார். "இங்க இருக்கறவங்களுக்கு இதெல்லாம் தெரியாது, எழுதி அனுப்புங்க மேடம்" என்றார்.

எழுதுகிறேன். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் பாதி எனக்கு அன்றைக்கும் புரியவில்லை, இன்றைக்கும் புரியவில்லை. ஓய்வு பெற்றவர்கள் எழுதினால் எல்லாவற்றையும் முன்கூட்டியே கண்டுபிடித்தவர்கள் போலத்தான் எழுதுவார்கள். நான் அப்படி எழுதப்போவதில்லை.

என் படிப்புக் கதை சின்னது. மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து கடலூருக்கு தினம் பஸ்ஸில் வந்து போகும் டைப்பிஸ்டாக வேலையில் சேர்ந்தேன். அலுவலகத்துக்கு முதல் கணினி வந்தபோது அதைத் தொட யாருக்கும் தைரியம் இல்லை. யாராவது ஒருவர் பயிற்சிக்குச் சென்னை போக வேண்டும் என்றார்கள். எல்லாரும் குனிந்துகொண்டார்கள், நான் குனிய மறந்துவிட்டேன். அதன் பிறகு எந்த மெஷின் வந்தாலும், எந்த ஒயர் வந்தாலும் "சகுந்தலா மேடத்துகிட்ட குடுங்க" என்பது வழக்கமாகிப் போனது. 2004 வாக்கில் சர்வர் அறைச் சாவியும் என் இடுப்பில் ஏறியது.

எந்தத் துறை என்று சொல்லப்போவதில்லை. மாவட்டத்துப் பழைய பிறப்பு, இறப்புப் பதிவுகளைக் கணினியில் ஏற்றுவது எங்கள் வேலை என்று சொன்னால் போதும். பழைய பக்கத்தைப் படம் பிடித்து வைத்திருப்போம். அது திரையில் வரும். அதைப் பார்த்து டைப் அடித்து 'சேவ்' என்ற பொத்தானை அழுத்தினால் கடலூர் சர்வரில் வந்து உட்காரும். சர்வர் அறைக்குள் ஏசி ஓயாமல் ஓடும். அப்படியும் கடலூர்க் காற்றில் உள்ள உப்பு எப்படியோ உள்ளே நுழைந்து கேபிள் முனைகளையெல்லாம் பச்சை பிடிக்க வைத்துவிடும். அதைத் தேய்க்க நான் கையில் ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ் வைத்துக்கொண்டு திரிவேன்.

எனக்கு மேலதிகாரி தெய்வசிகாமணி சார். அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கதையே அவர் பழக்கத்தில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது. யார் என்ன கோளாறு என்று வந்தாலும் முதலில் கண்ணை மூடிக்கொள்வார். மூடியபடியே மூன்று கேள்வி கேட்பார். "யாருக்கு வரல? யாருக்கு வருது? எப்பலேர்ந்து?" பதிலைக் கேட்டுவிட்டுக் கண்ணைத் திறந்து ஒரே ஒரு வைத்தியம் சொல்வார்: "ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்லுங்க."

அதற்கும் ஒரு முறை உண்டு. சும்மா பட்டனை அமுக்கிவிட்டு வந்து நிற்கக் கூடாது. முறையாக ஷட்டவுன் கொடுக்க வேண்டும். உள்ளே ஃபேன் சத்தம் நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்க வேண்டும், பிறகு சொருக வேண்டும். "அது ஒரு மூச்சு விட்டுக்கட்டும்மா" என்பார். கொடுமை என்னவென்றால் பெரும்பாலும் இது பலித்தது. பலித்தபோதெல்லாம் என்னை ஒரு பார்வை பார்ப்பார். இன்னொரு விஷயம்: அவருக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, சுத்தத் தமிழுக்குப் போய்விடுவார். "தாங்கள் இதைக் கவனிக்கத் தவறியது ஏன்?" என்று கேட்டால் அன்றைக்கு மதியச் சாப்பாடு இறங்காது.

இனி அந்த செட்டிங். சிதம்பரம் விவகாரத்துக்கு இரண்டு வருடம் முன்பு எங்கள் சர்வர் மதியம் ஆனால் படுத்துக்கொள்ள ஆரம்பித்தது. காரணம் தேடினோம். ஒரு கணினி சர்வரோடு பேசி முடித்து இணைப்பை மூடிய பிறகும், சர்வர் அந்த இணைப்பை உடனே மறந்துவிடாது. ஒரு நிமிடம் ஞாபகத்தில் வைத்திருக்கும். வழியில் எங்காவது சுற்றிவிட்டுத் தாமதமாக வரும் பழைய பாக்கெட், அடுத்த பேச்சுக்குள் புகுந்து குழப்பிவிடக் கூடாதே என்பதற்காக. பாக்கெட் என்றால் வலையில் போகும் செய்தித் துண்டு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் கூட்டம் ஜாஸ்தியானால், முடிந்துபோன இணைப்புகளே இடத்தை அடைத்துக்கொண்டு புதிதாக வருகிறவனை உள்ளே விடாது.

சார் இணையத்தில் எங்கோ தேடி ஒரு செட்டிங்கைக் கண்டுபிடித்தார். அதைப் போட்டால் முடிந்த இணைப்பை சர்வர் சீக்கிரம் மறந்துவிடும். பழைய பாக்கெட்டைக் கண்டுபிடிக்க, பாக்கெட்டின் மேல் உள்ள நேர முத்திரையைப் பார்த்துக்கொள்ளும். அவரே ஒற்றை விரலால் டைப் அடித்துப் போட்டார். அந்த வாரமே சர்வர் எழுந்து உட்கார்ந்தது. அவர் எல்லாருக்கும் டீயும் முந்திரி பக்கோடாவும் வாங்கிக் கொடுத்தார். அதன் பிறகு எந்த மீட்டிங்கிலும் அந்தக் கதை வராமல் இருந்ததில்லை. நானும் கை தட்டியவள்தான்.

சிதம்பரத்தில் புதிதாக ஒரு மையம் திறந்தார்கள். வேலையைத் தனியாருக்கு ஒப்பந்தத்தில் விட்டிருந்தார்கள். மேல வீதியில் ஒரு பாத்திரக்கடை மாடி. ஐந்து கணினி, ஐந்து ஆள், எல்லாருக்கும் சேர்த்து ஒரே ஒரு பிராட்பேண்ட் லைன். மேற்பார்வைக்குக் கலியபெருமாள் என்று ஒருவர். நல்ல மனிதர், ஆனால் வாய் கொஞ்சம் நீளம். மையம் ஆரம்பித்துச் சில வாரத்தில் அவரிடமிருந்து போன் வந்தது.

"மேடம், இங்க ஒரு பொண்ணுக்கு மட்டும் சேவ் ஆவ மாட்டேங்குது."

"ஒருத்தருக்கு மட்டுமா?"

"மத்தவங்களுக்குக் கொஞ்சம் ஸ்லோ. பாபுன்னு ஒருத்தன் இருக்கான், அவனுக்குச் சும்மா பறக்குது. இதுக்கு மட்டும் சுத்திகிட்டே கெடக்குது, அப்பறம் வரலன்னு சொல்லுது. ஆஃப் பண்ணி ஆன் பண்ணியும் பாத்தாச்சு. இன்னம் மோசமா ஆவுது மேடம்."

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் காதில் வாங்கவே இல்லை. ஆஃப் பண்ணி ஆன் பண்ணினால் மோசமாகும் என்று யார் சொன்னாலும் அன்றைக்கு நம்பியிருக்க மாட்டேன்.

மறுநாளே சிதம்பரம் பஸ் ஏறினேன். அந்தப் பெண் ஆரோக்கியமேரி. எல்லாருக்கும் மேரி. கீரப்பாளையத்திலிருந்து வருகிறவள். அப்பா நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவர். வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கும் முதல் ஆள் இவள்தான் என்று கலியபெருமாளே சொன்னார். சொல்லிவிட்டு அதே மூச்சில், "இந்த மாசமும் இதே மாரி என்ட்ரி கம்மியா இருந்தா நான் வேற ஆள் போட்டுக்குவேன் மேடம், எனக்கு மேலேர்ந்து கேக்கறாங்க" என்றார். மேரி அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். காதில் விழாதது போல் நின்றாள்.

நான் அவள் நாற்காலியில் உட்கார்ந்தேன். சென்னையிலிருந்து வந்த பெரிய டாக்டரைப் பார்ப்பது போல மற்ற நாலு பேரும் எழுந்து வந்து சுற்றி நின்றுகொண்டார்கள். ஒரு பதிவை அடித்து சேவ் கொடுத்தேன். போய்விட்டது. இன்னொன்று அடித்தேன். அதுவும் போனது. "மேரி, நீ அடி" என்றேன். அவள் அடித்தாள், போனது. கலியபெருமாள் என்னைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார். "அப்ப இவ்ளோ நாளா என்னா பண்ணிகிட்டு இருந்த?" என்றார். அவள் முகம் சுருங்கிப் போனது. டீ குடித்துவிட்டு வரலாம் என்று நான் கீழே இறங்கினேன். திரும்பி வந்தபோது எல்லாரும் அவரவர் இடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள், மேரியின் திரையில் மட்டும் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது.

எனக்கு மண்டை காய்ந்தது. ஆள் பார்த்தால் ஓடுகிறது, பார்க்காவிட்டால் நிற்கிறது. அவள் கணினியின் கடிகாரம் தப்பு நேரம் காட்டுவதைக் கண்டுபிடித்து, இதுதான் என்று துள்ளினேன். சரி செய்தேன். பிரயோஜனம் இல்லை. கேபிளை மாற்றினேன். கையோடு கொண்டுபோன பிரஷ்ஷால் முனையைத் தேய்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் எல்லாரும் செய்வதையே செய்தேன். பாபுவையும் மேரியையும் இடம் மாற்றி உட்காரச் சொல்லிவிட்டுக் கடலூர் பஸ் ஏறினேன். கோளாறு மெஷினிலா, வேறு எங்காவதா என்று இரண்டு நாளில் தெரிந்துவிடும்.

தெரிந்தது. அதைவிடத் தெரியாமலே இருந்திருக்கலாம். முதல் நாள் மேரிக்கு பாபுவின் மெஷினில் நன்றாக ஓடியது. மறுநாள் காலையிலிருந்து அந்த மெஷினும் நின்றுபோனது. அவளுடைய பழைய மெஷின் பாபுவிடம் முதல் நாள் முரண்டு பிடித்துவிட்டு அப்புறம் மெதுவாகவாவது நடக்க ஆரம்பித்தது. அதாவது கோளாறு மெஷினை விட்டுவிட்டு ஆளைத் தேடிக்கொண்டு போயிருக்கிறது.

"பாத்தீங்களா மேடம்," என்றார் கலியபெருமாள் போனில். "மிஷின் மேல ஒண்ணும் இல்ல. எல்லாம் கைராசி. சில பேரு தொட்டா வெளங்காது."

நான் அவரைக் கண்டித்தேனா? இல்லை. கண்டிக்க என் கையில் என்ன இருந்தது? கண்ணால் பார்த்ததைத்தான் அவர் சொல்கிறார். உண்மையைச் சொல்கிறேன், அந்த வாரம் நானே பாதி நம்ப ஆரம்பித்துவிட்டேன். இத்தனை வருடம் கணினியோடு குப்பை கொட்டிவிட்டு, ஒரு பெண்ணின் கையில் ஏதாவது இருக்குமோ என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டு வந்தேன். வீட்டில் ரசத்துக்கு இரண்டு தடவை உப்புப் போட்டேன். "ஆஃபீஸ்லேர்ந்து உப்பையும் எடுத்தாந்துட்டியா?" என்றார் என் கணவர்.

சர்வர் பக்கம் உட்கார்ந்து வருகிற போகிற பாக்கெட்டுகளைப் பார்த்தேன். அங்கே பார்த்ததுதான் என்னை முழுக்கக் குழப்பியது. மேரியின் கணினி 'பேசலாமா?' என்று அனுப்பும் முதல் பாக்கெட் கடலூருக்கு ஒழுங்காக வந்து சேர்கிறது. சர்வர் பதிலே சொல்வதில்லை. சரி என்றும் இல்லை, முடியாது என்றும் இல்லை. மேரியின் கணினி கொஞ்சம் பொறுத்து மறுபடி கேட்கிறது. மறுபடியும் பதில் கிடையாது. அப்படியானால் கோளாறு சிதம்பரத்தில் இல்லை, என் அறையில், என் சர்வரில்தான். ஆனால் சிதம்பரத்து ஐந்து கணினியும் ஒரே லைனில், வலையில் ஒரே முகவரியில் வருகின்றன. சர்வருக்கு அந்த ஐந்தும் ஒன்றுதான். யார் மேரி, யார் பாபு என்று அதற்குத் தெரிய வழியே இல்லை. தெரியாத ஒன்று எப்படிப் பொறுக்கி எடுத்து அவளை மட்டும் ஒதுக்குகிறது?

தெய்வசிகாமணி சாரிடம் போனேன். கண்ணை மூடி மூன்று கேள்வி கேட்டார். வைத்தியம் சொன்னார். "சார், அது தெனமும் பண்ணுது சார்" என்றேன். "அப்ப சரியா பண்ணலம்மா. ஃபேன் நிக்கறதுக்குள்ள போட்டுடுது போல" என்றார். மேரிக்கு அதையும் சொல்லி அனுப்பினோம். பாவம், அவள் பிளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருப்பாள். மாதம் ஓடிக்கொண்டிருந்தது. கலியபெருமாள் வேறு ஒரு ஆளைப் பார்த்து வைத்துவிட்டார் என்று காதில் விழுந்தது.

அப்போது கரண்டு வந்து காப்பாற்றியது. கரண்டு போய் என்று சொல்ல வேண்டும். அந்த வருடங்களில் கரண்டு இருப்பதுதான் செய்தி என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். சாதாரண வெட்டுக்கு யுபிஎஸ் தாங்கும். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலிருந்து சாயங்காலம்வரை நிறுத்தினால் தாங்காது. எல்லாக் கணினியும் அணைந்து, மையத்தைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார்கள். மறுநாள் முற்பகலில் கலியபெருமாள் போன் செய்தார். குரலில் ஒரு மிரட்சி.

"மேடம், இன்னிக்கித் தலகீழா நடக்குது. மேரிக்குப் பறக்குது. மத்த எல்லாத்துக்கும் இழுத்துகிட்டு நிக்கிது. பாபுது சுத்தமா படுத்துக்கிச்சு. இந்தப் பொண்ணு கண்ணு வெச்சிடுச்சுன்னு பசங்க பேசிக்கறானுவ."

பின்னால் பாபுவின் சத்தம் கேட்டது: "மச்சான், நானும் நாலு தரம் ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டண்டா, இன்னம் மோசமாத்தான் ஆவுது."

இன்னும் மோசமாக. இந்த முறை காதில் விழுந்தது.

"கலியபெருமாள், இன்னிக்கிக் காலையில மொதல்ல எந்த மிஷின போட்டாங்க?"

"மேரிதான் மேடம். கீரப்பாளையம் பஸ்ஸு சீக்கிரம் வந்துடும். கீழ பாத்திரக்கடையில சாவி வாங்கி அதுதான் தொறக்கும். மொதல்ல தன்னுத போட்டுட்டு உக்காந்துடும்."

"கடைசியா?"

"பாபுதான். அவன் என்னிக்கி நேரத்துக்கு வந்தான்?"

"மத்த நாள்ல சாயங்காலம் போறப்ப யாரு யாரு மிஷின ஆஃப் பண்ணிட்டுப் போவாங்க?"

"அது... முறையா பண்ணணும்னு செவுத்துல எழுதி ஒட்டியிருக்கேன் மேடம். ஆனா இவனுவ பஸ்ஸு போயிடும்னு டிவி மாரி இருக்கே, அத மட்டும் அணச்சிட்டு ஓடிடுவானுவ. மேரி மட்டும்தான் ஃபுல்லா ஆஃப் பண்ணும்."

"யாரும் எதையும் தொடாதீங்க. ஆஃப் பண்ணாதீங்க, ஆன் பண்ணாதீங்க. அப்படியே வேலை பாக்கச் சொல்லுங்க" என்றேன். என் உத்தியோகத்தில் அப்படி ஒரு உத்தரவு நான் கொடுத்ததே இல்லை.

சர்வர் முன்னால் போய் உட்கார்ந்து பாக்கெட்டுகளை மறுபடி பார்த்தேன். இந்த முறை அதன் மேல் குத்தியிருக்கும் நேர முத்திரையைப் பார்த்தேன். நேர முத்திரை என்றதும் கடிகார மணி என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். அதனால்தான் மேரியின் கடிகாரத்தைத் திருப்பித் திருப்பி நோண்டினேன். அது கடிகார மணியே இல்லை. கணினியை ஆன் செய்த நொடியிலிருந்து அது தனக்குள் எண்ணிக்கொண்டு போகும் ஒரு எண். அணைத்துப் போட்டால் மறுபடி அடியிலிருந்து எண்ண ஆரம்பிக்கும்.

சார் போட்ட செட்டிங் செய்வது இதுதான். ஒரு முகவரியிலிருந்து கடைசியாக வந்த எண்ணை சர்வர் ஒரு நிமிடம் நினைவில் வைத்துக்கொள்ளும். அதற்குள் அதே முகவரியிலிருந்து அதைவிடச் சின்ன எண்ணோடு புதிதாக ஒரு அழைப்பு வந்தால், இது வழியில் சுற்றிவிட்டு வந்த பழைய சரக்கு என்று முடிவு செய்து சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும். வெளியூரில் மற்ற மையங்களில் ஒரு லைனுக்கு ஒரு கணினி, அங்கே இது வினையாகவில்லை. சிதம்பரத்தில் ஒரே முகவரிக்குப் பின்னால் ஐந்து பேர். பாபு அதுவரை தன் கணினியை அணைத்ததே இல்லை, அவன் எண் எங்கோ உயரத்தில் இருந்தது. மற்ற மூவர் எப்போதாவது அணைத்தவர்கள், நடுவில். அவர்களுக்குக் கொஞ்சம் ஸ்லோ. மேரி தினமும் அணைத்துத் தினமும் போட்டாள், எப்போதும் அடியில். பாபுவின் மெஷினுக்கு மாறியபோதும் அன்று சாயங்காலமே அதை அணைத்தாள், மறுநாள் அதுவும் அடிக்கு வந்தது. மற்றவர்கள் எழுந்து வந்து வேடிக்கை பார்த்தபோது அவர்கள் யாரும் சேவ் செய்யவில்லை, அதனால் அவளுக்குப் போனது. நின்றுபோகும்போதெல்லாம் ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொன்னோம், அவள் இன்னும் கீழே போனாள்.

சர்வரின் கணக்குகளில் 'நேர முத்திரை காரணமாக நிராகரிக்கப்பட்ட இணைப்புகள்' என்று ஒரு வரி இருந்தது. வருடக் கணக்காக அந்தப் பக்கத்தைப் பார்த்திருக்கிறேன், அந்த வரியைப் படித்ததில்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் எதிரே இருந்த எண் ஏறியது. சிதம்பரத்தில் பாபு சேவ் கொடுத்திருப்பான்.

சாரிடம் போவதற்கு எனக்குக் கால் வரவில்லை. அது அவருடைய செட்டிங், முந்திரி பக்கோடா செட்டிங். உள்ளே போய், "சார், சிதம்பரம் பொண்ணு கேஸ். நீங்க போட்டீங்களே, அந்த செட்டிங்தான் சார்" என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டார். "யாருக்கு வரல?"

"எந்த மிஷின கடைசியா ஆன் பண்றாங்களோ அவங்களுக்கு."

"யாருக்கு வருது?"

"யாரு ஆஃப் பண்ணவே இல்லியோ அவங்களுக்கு."

"எப்பலேர்ந்து?"

"அந்த மையம் தொறந்ததுலேர்ந்து சார்."

வெகு நேரம் கண்ணைத் திறக்கவில்லை. சுத்தத் தமிழ் வரப்போகிறது என்று நான் காத்திருந்தேன். வரவில்லை. "நான் ஆஃப் பண்ணு ஆஃப் பண்ணுன்னு சொல்லிகிட்டே இருந்தனேம்மா" என்றார். பிறகு, "எடுத்துட்டா சர்வர் மறுபடி படுத்துக்குமே?"

"தெரியல சார்."

"தெரியலன்னா?"

"நெஜமாவே தெரியல சார்."

"அந்தப் பொண்ணுக்கு எப்ப வரைக்கும் டைம் குடுத்திருக்கான் அவன்?"

"இந்த மாசம் முடியற வரைக்கும்."

எழுந்து என்னோடு சர்வர் அறைக்கு வந்தார். அந்த செட்டிங்கை நிறுத்த, ஒற்றை விரலால் அந்த இடத்தில் ஒரு பூஜ்யம் அடித்தார். அன்று முழுக்க இருவரும் சர்வரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். மதியம் வந்தது, போனது. சர்வர் படுக்கவில்லை. மறுநாளும் படுக்கவில்லை. சார் முகத்தில் நிம்மதியைவிட ஏமாற்றம்தான் ஜாஸ்தி. "அப்ப அன்னிக்கி எதுனாலம்மா சரியாச்சு?" என்று கேட்டார். அதே வாரத்தில் சென்னையிலிருந்து வேறு எதையாவது மாற்றியிருக்கலாம். சும்மாவே சரியாகியிருக்கலாம். இன்றுவரை எனக்குத் தெரியாது. அதன் பிறகு அவர் எந்த மீட்டிங்கிலும் அந்தக் கதையைச் சொல்லவில்லை.

அந்த வாரக் கடைசியில் அவரே சிதம்பரம் வந்தார், என்னோடு பஸ்ஸில். ஐந்து கணினியும் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தன. கலியபெருமாள் ஓடி வந்து நாற்காலி போட்டார். "சார் பாத்ததும் ராசியே மாறிப்போச்சு சார். இப்ப மேரிக்கும் நல்லாப் போவுது" என்றார்.

சார் உட்காரவில்லை. "கலியபெருமாள், தாங்கள் அந்தச் சொல்லை இனி இந்த அறையில் பயன்படுத்த வேண்டாம்" என்றார். சுத்தத் தமிழ் வந்துவிட்டது. "பிழை கடலூரில். அதைச் செய்தவன் நான். இந்தப் பெண் ஒருத்திதான் இங்கே செய்ய வேண்டியதைச் செய்துகொண்டிருந்தாள். இதற்காக அவளை நீக்கினால் எனக்கு எழுத்தில் காரணம் சொல்ல வேண்டியிருக்கும்." பாபு திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். மேரி தலை நிமிரவில்லை, ஆனால் டைப் அடித்த கை விசைப்பலகை மேல் அப்படியே நின்றுவிட்டது. எனக்குக் கண் கலங்கியது, அதை ஏன் மறைக்க வேண்டும்.

சாயங்காலம் சார் கோயிலுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று கிளம்பினார். நான் மாடியிலேயே இருந்தேன். மற்ற நாலு பேரும் திரையை மட்டும் அணைத்துவிட்டுப் படியில் தடதடவென்று இறங்கி ஓடினார்கள். மேரி இருந்தாள். மவுஸை ஷட்டவுன் மேல் கொண்டுபோய் வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"இப்ப ஆஃப் பண்ணலாமா மேடம்?"

"பண்ணலாம்மா. தாராளமா பண்ணு."

அழுத்தினாள். "தெனமும் ஆஃப் பண்றப்ப அதுகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுத்தான் போவேன் மேடம். என்னா தப்பு பண்ணிட்டேன்னு தெரியல, ஆனா கேட்டுக்குவேன். நாளைக்கியாவது பேசுன்னு சொல்லிட்டுப் போவேன்."

ஆறுதல் சொல்லத் தெரியாதவர்கள் எல்லாரும் செய்வதுபோல விளக்க ஆரம்பித்தேன். எண்ணைப் பற்றிச் சொன்னேன், ஒரு நிமிடத்தைப் பற்றிச் சொன்னேன். வழியில் தங்கிவிட்டு வந்த பழைய பாக்கெட் என்று சர்வர் நினைத்துக்கொண்டது, பழசுக்கு யாரும் பதில் போடுவதில்லை என்றேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"வேணாம்னா வேணாம்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல மேடம்? ஒண்ணும் சொல்லாம இருந்தா நம்ம மேலதான தப்புன்னு தோணும்."

"அது அப்படித்தாம்மா எழுதியிருக்கு."

"அப்பறம் பழசுன்னு எப்புடி மேடம் சொல்லும்? அன்னிக்கிக் காலையில போட்ட மிஷினு. அந்த அஞ்சுலயும் என்னுததான எல்லாத்தயும் விடப் புதுசு?"

எழுதினவர்களுக்கே இது தோன்றியதோ இல்லையோ, எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. மேரி பதிலுக்காகக் காத்திருக்கவும் இல்லை. உள்ளே ஃபேன் சத்தம் நிற்கும்வரை நின்றாள். பச்சை விளக்கு அணைந்ததும் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு, "காலையில நான்தான் மேடம் வந்து தொறக்கணும், வரேன்" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினாள்.